பதினாறு வடமும் ஒரு நீச்சல் குளமும்

ராமுத்தாய் பையில் எப்பவும் ஒரு கிலோ எடைக்கல் கிடக்கும். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போனாலும் சரி, மகளைப் பார்க்க நெய்க்காரப்பட்டிக்கு பஸ் ஏறினாலும் சரி, வெத்திலைப் பொட்டலம் மறந்து போகும், கல்லு மறக்காது. கமிஷன் கடையில் தராசு மேல் பூ மூட்டையை ஏற்றுவதற்கு முந்தி அந்தக் கல்லை எடுத்து டொக்கென்று வைப்பாள். ஆயிரம் என்று காட்டினால்தான் மூட்டை இறங்கும். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு என்று காட்டிவிட்டால் போச்சு. கடைக்காரருடைய பாட்டன் காலத்துக் களவு முதற்கொண்டு அன்றைக்குப் பேச்சில் வந்துவிடும்.

"ரெண்டு கிராமுக்கா அக்கா இம்புட்டுப் பேச்சு?" என்பார்கள்.

"ரெண்டு கிராம்ல ஆரம்பிச்சுத்தாண்டா கால் குறுக்கம் போகும்" என்பாள். ஏக்கரைத்தான் அந்தப் பக்கம் குறுக்கம் என்கிறது. என்ன கால் குறுக்கம், யார் கொண்டு போனது என்று மார்க்கெட்டில் யாருக்கும் தெரியாது. எடைக்கல்லுக்காரி என்று பேர் வைத்துவிட்டு அவரவர் சோலியைப் பார்ப்பார்கள்.

பிறக்கும்போதே அவள் இப்படிப் பிறக்கவில்லை. பதினெட்டு வயசில் வந்த குணம் இது.

ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே, ஓடையை ஒட்டி அவர்களுக்குக் காடு. அவள் அப்பன் பொம்மையனும் பெரியப்பன் சோலைமுத்துவும் கூடப் பிறந்தவர்கள். பெரியவர் காந்திகிராமத்துப் பக்கம் பெண் எடுத்தார். சின்னவர் சொந்த அத்தை மகளைக் கட்டினார். பெண் எடுத்த இடம் வேறு வேறு என்றாலும் உலை ஒன்றாய்த்தான் கொதித்தது. பெரியவருக்கு மூன்று பெண்ணுக்குப் பிறகு ஒரு பையன், பழனிக்குமார். சின்னவருக்கு ராமுத்தாய் ஒருத்திதான். மூன்றாவது பெண்ணுக்குச் சடங்கு வைத்த வருசம் சீர் கொடுத்த சீலையில் ஒரு பேச்சு வந்து, பேச்சு அடுப்புக்கு வந்து, அடுப்பு ரெண்டானது. அடுப்பு ரெண்டானால் காடும் ரெண்டாகத்தானே வேண்டும்?

காடு மொத்தம் ரெண்டரைக் குறுக்கம். கிணத்தை ஒட்டின பாதி சதுரமாக, சாப்பாட்டு இலை விரித்த மாதிரி இருக்கும். மற்றது ஓடைக் கரையோடு வளைந்து வளைந்து நீளமாகப் போகும். ரெண்டுக்கும் நடுவில் வரப்பு எங்கே போடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்து வடக்கயிறு ஒன்று தொழுவத்தில் கிடந்தது. சோலைமுத்துவே அதைப் பிடித்துச் சுற்றினார். கிணத்துக் காட்டைச் சுற்றிப் பதினாறு வடம். ஓடைக் காட்டைச் சுற்றியும் பதினாறு வடம். ரெண்டும் ஒன்றாய் வருகிற மாதிரி வரப்பைத் தள்ளி வைத்து, "ஒரு சாண் கூட இல்ல, ஒரு சாண் குறைய இல்ல. அண்ணந் தம்பிக்குச் சரிபாதி" என்று சொல்லிவிட்டு நாலு பேரும் காப்பி குடித்துப் போனார்கள். மூத்தவருக்குக் கிணத்துக் காடு, இளையவருக்கு ஓடைக் காடு. பட்டா கூட்டுப் பட்டாவாகவே கிடந்தது. வடம் சொன்ன பிறகு சர்வேயர் எதுக்கு?

அடுத்த வருசம் ரெண்டு காட்டிலும் செண்டுப்பூ போட்டார்கள். ஒரே நாத்து, ஒரே கிணத்துத் தண்ணி, ஒரே உரம். பெரியப்பன் காட்டில் ஒன்பது கூடை பூ இறங்குகிற அன்றைக்கு இவர்கள் காட்டில் ஆறு கூடைதான் இறங்கியது. முதல் வருசம் நோய் என்றார்கள். ரெண்டாம் வருசம் ஓடைக் காற்று என்றார்கள். மூணாம் வருசம் பொம்மையன் பேச்சை நிறுத்திவிட்டார். அந்தப் பேச்சை ராமுத்தாய் எடுத்துக்கொண்டாள்.

வடம் நனைந்திருந்ததோ? நனைந்த வடம் இழுத்தால் நீளும். தம்பி காட்டை அளக்கும்போது சுருக்கிப் பிடித்தாரோ? நாலு பேருக்கு முன்கூட்டியே கள்ளு வாங்கிக் கொடுத்தாரோ? இப்படி ஒவ்வொன்றாக நினைத்தாள். ஒரு சித்திரை மாதம், பெரியப்பன் வீட்டில் எல்லாரும் பழனிக்கு நடந்து போயிருந்த சமயம், புதுக் கயிறு ஒன்று வாங்கி, அம்மாவை ஒரு முனையில் நிறுத்தி, ரெண்டு காட்டையும் தானே சுற்றி அளந்தாள். வேர்த்து விறுவிறுத்து முடித்தபோது கணக்கு அதே கணக்காக நின்றது. ரெண்டும் ஒரே சுற்று.

வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றைக்கே மனசு ஆறியிருக்கும். ராமுத்தாய்க்கு ஆறவில்லை. "அப்ப எல்லைக் கல்லை நகட்டியிருக்காக" என்று முடிவு கட்டினாள். சுற்றி அளக்கிற முறை தப்பாக இருக்காது, அளந்த கைதான் தப்பு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எல்லாவற்றிலும் சந்தேகப்பட்டவள் அந்த ஒன்றில் மட்டும் படவில்லை.

புருசன் வீட்டோடு வந்தவன். மகள் ஜீவிதாவுக்கு எட்டு வயசில் காமாலையில் போய்விட்டான். பூவை வித்து, பூவைக் கட்டி, மகளை நெய்க்காரப்பட்டியில் கட்டிக் கொடுத்தாள். பெரியப்பன் சாகக் கிடந்தபோது ஆள் விட்டார். போனாள். அவர் நாக்குக் குழற, "நான் வடத்தை இழுத்துப் பிடிக்கலடி" என்றார். இவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்றார்கள், வரவில்லை. பால் ஊற்று என்றார்கள், ஊற்றவில்லை. சாகிறவனும் பொய் சொல்லுவான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசப்படியை மிதித்ததில்லை. பழனிக்குமாரோடு பேச்சு உண்டு, புழக்கம் இல்லை. தண்ணி முறை யாருக்கு, மோட்டார்க் காயில் போச்சா, அம்புட்டுத்தான்.

இப்படி இருக்கும்போது இந்த ஆவணியில் நீச்சல் குளம் வந்து சேர்ந்தது.

ராமுத்தாய் நாலஞ்சு வருசமாகக் கல்யாணத்துக்குப் பூ அலங்காரம் எடுத்துச் செய்கிறாள். கூட அஞ்சு பொம்பிளைகள். வாசல் தோரணம், மணவறை, கார் ஜோடனை. எல்லாம் பெரிய டெக்கரேஷன்காரர்களுக்குக் கீழே செய்கிற வேலை. தன் பேரில் தனியாக வந்த முதல் பெரிய வேலை இதுதான். திண்டுக்கல் டவுனில் வாத்தியாராக இருக்கிற கிறிஸ்துராஜ், மகள் வினோலியாவுக்குக் காலையில் மாதா கோயிலில் கல்யாண மந்திரிப்பு முடித்து, சாயங்காலம் பழனி ரோட்டில் ஒரு தோப்பு மண்டபத்தில் வரவேற்பு வைத்தார். அந்தத் தோப்புக்குள் ரெண்டு நீச்சல் குளம். அதில் உள்ளே இருக்கிற குளத்தை முழுக்கப் பூ இதழால் மூடவேண்டும் என்பது பெண்ணின் ஆசை.

"மேல இருந்து ட்ரோன் வச்சுப் படம் எடுப்பாங்கம்மா" என்று கிறிஸ்துராஜ் தன்மையாகச் சொன்னார். "ஒரு கையகலம் நீலமாத் தெரிஞ்சாலும் படத்துல ஓட்டை மாதிரி விழும். அதை மட்டும் பாத்துக்கங்க."

"தெரியாதுங்க சார்" என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். வாக்குக் கொடுத்த பிறகுதான் குளத்தையே பார்த்தாள். வெளியே இருக்கிற குளம் நல்ல சதுரம். உள்ளே இருக்கிறது முற்றின அவரைக்காய் மாதிரி ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. நீளம் எது, அகலம் எது என்று கண்ணுக்கே பிடிபடவில்லை.

மண்டபத்து மேனேஜர் விக்னேஷ்குமார், ஒட்டன்சத்திரத்துப் பையன். மூஞ்சியில் கவலையே இல்லை.

"ஏனுங்கக்கா இதுக்குப் போய் யோசிக்கறீங்க? போன மாசம் சதுரக் குளத்துக்குச் செண்டு இதழ் போட்டாங்க. பூவா நிறுத்து நூத்தி இருவது கிலோ. கரெக்டா மூடிருச்சு. இதுக்கும் அதேதானுங்க."

"அதேன்னு எப்படிச் சொல்ற?"

"விளிம்பைச் சுத்தி சீரியல் லைட்டு போடுவமுங்க. ஒரே லைட்டுச் சரந்தான், நூத்தி அறுவது அடி. இன்னைக்கி அங்க போட்டா நாளைக்கி இங்க. ரெண்டுக்கும் முனையோட முனை வந்து சேரும். சுத்தளவு ஒண்ணுன்னா குளமும் ஒண்ணுதானுங்களே?"

ராமுத்தாய் மேனேஜர் வாயை நம்புகிறவளா? நூல் கண்டை எடுத்துத் தானே ரெண்டு குளத்தையும் சுற்றி வந்தாள். நூற்றி அறுபது அடி. ரெண்டும். பெரியவர்கள் காலத்திலிருந்து அப்படித்தான், சுற்று சரி என்றால் பரப்பும் சரி. நூற்றி இருபது கிலோ என்று முடிவானது.

பூவுக்கு எங்கே போவது? அவள் காட்டில் அந்த வாரம் முப்பது கிலோ கிடைத்தால் பெரிசு, அது வாசல் தோரணத்துக்கே சரியாகிவிடும். முகூர்த்த நாள், ஊரில் எவன் காட்டுப் பூவும் முந்தின வாரமே பேசி முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது வரப்புக்கு அந்தப் பக்கம்தான். பழனிக்குமார் காட்டில் செண்டு மஞ்சள் பாய் விரித்த மாதிரிப் பூத்துக் கிடந்தது.

ரெண்டு நாள் யோசித்தாள். மூணாம் நாள் வரப்பில் நின்றபடியே கூப்பிட்டாள்.

"ஏலே பழனி, ஒனக்குப் பூ எங்கயாவது சொல்லியிருக்கா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "மார்க்கெட்டுக்குத்தேன். ஏங்க்கா?"

"எனக்கு வேணும். மார்க்கெட்டு விலைக்கு. எடை என் கல்லுலதான்."

"ஒன் கல்லு இல்லாமயா" என்று அவன் சிரித்தான். இவள் சிரிக்கவில்லை.

வரவேற்புக்கு முந்தின நாள் காலையில், வண்டி குளத்துக்கிட்ட வரைக்கும் வருமா என்று பார்க்க அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் விடிய ஆள் இறக்கிப் பூப் பறிக்க வேண்டும். எத்தனை கிலோ என்று அன்றைக்கு மத்தியானத்துக்குள் சொன்னால்தான் அவன் ஆளுக்குச் சொல்ல முடியும். பழனிக்குமார் வண்டிப் பாதையைப் பார்த்தான். பிறகு குளத்து ஓரமாகச் செத்த நேரம் நடந்தான். இந்த முனைக்கு வந்தான், அந்த முனைக்குப் போனான். தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இதுக்கு எம்பது போதும். நூத்தி இருவது வெட்டிச் செலவு."

"சதுரக் குளத்துக்கு நூத்தி இருவது போட்டிருக்காக. இதுவும் அதே சுத்துத்தான். நானே அளந்தேன்."

"சுத்து ஒண்ணா இருந்துட்டா..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். நாக்கைக் கடித்தவன் மாதிரி ஒரு பார்வை பார்த்தான். "இல்ல, பாத்தாத் தெரியுதுல்ல. இது ஒல்லியா இருக்கு" என்று பேச்சை மாற்றினான்.

ராமுத்தாய்க்குக் காது ரெண்டும் நிமிர்ந்துகொண்டது.

எண்பதா? ஏன் எண்பது? நாளைக்கு முகூர்த்தம், மார்க்கெட்டில் பூ தீயாக விற்கும். எண்பதை இங்கே தள்ளிவிட்டு மிச்சத்தை அங்கே ஏற்றப் பார்க்கிறானா? இல்லை, பூ பத்தாமல் போய், அத்தனை கூட்டத்துக்கு முன்னால், மேலே ட்ரோன் பறக்க, குளத்தில் நீலம் நீலமாக ஓட்டை விழுந்து, தான் தலை குனிந்து நிற்கவேண்டும் என்று நினைக்கிறானா? அப்பன் வடத்தில் செய்ததை மகன் கூடையில் செய்கிறானா?

"நீ போய் டீக்கடையில இரு. மத்தியானம் சொல்லுறேன்" என்று அவனை வெளியே அனுப்பினாள்.

நூற்றி இருபது என்று சொல்லிவிடலாம். ஆனால் இவன் எண்பதுதான் பறித்துவிட்டு, ஆள் வரவில்லை அக்கா என்று கையை விரித்தால்? எண்பது பத்தாது என்று முகத்துக்கு நேரே நிரூபிக்க வேண்டும். அதுக்கு ஒரு வழி வேண்டும். சுற்றி அளந்தாயிற்று. வேறு எப்படி அளப்பது?

குளத்தைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சொட்டு நீர்க் குழாய் போட்ட நாள் நினைவுக்கு வந்தது. ஆறு வருசத்துக்கு முந்தி காட்டுக்குக் குழாய் போட்டபோது, ஒரு ஓரமாக நெடுக மெயின் பைப்பு, அதிலிருந்து நாலடிக்கு ஒன்றாகக் கறுப்புக் குழாய் குறுக்கே ஓடும். காடு எப்படிக் கோணினாலும் சரி, குழாய் வரப்பு வரைக்கும் போய் நிற்கும். எத்தனை குழாய் ஓடியதோ அம்புட்டுத்தான் காடு. அவளுக்கு எட்டு ரோல் ஆனது. குளத்துக்கும் அப்படிப் போட்டுப் பார்த்தால் என்ன?

"தம்பி, இங்கிட்டு வா" என்று விக்னேஷ்குமாரைக் கூப்பிட்டாள். "இந்த நூலைப் பிடி."

அவரைக்காயின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நேராக ஒரு கயிறு கட்டினாள். அதுதான் மெயின் பைப்பு. அம்பத்தாறு அடி. அதில் நாலடிக்கு ஒன்றாகக் குறி போட்டாள். பதினாலு பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் நடுவில் நேர் குறுக்கே, தண்ணி ஆரம்பிக்கிற விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரைக்கும் நூலைப் பிடித்தாள். இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் மேனேஜர். நூலைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தன் முனையில் ஒரு கல்லை வைத்து, குளத்தைச் சுற்றிக்கொண்டு அவனிடம் போய், விளிம்பில்தான் பிடித்திருக்கிறானா என்று குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

மூணாவது நூலில் அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கக்கா, நான் பூ வியாபாரியும் இல்லை, குளத்துல பங்காளியும் இல்லை. நான் எதுக்குங்க ஏமாத்தப் போறேன்?"

"அதத்தான் தம்பி நானும் பாக்குறேன். எதுக்குன்னு தெரியாத ஏமாத்துதான் கண்ணுக்குத் தெரியாது. பிடி."

பதினாலு நூலையும் அடுத்தடுத்து அளந்து, குச்சியால் தரையில் கோடு போட்டுக் கூட்டினாள். இருநூற்றி அம்பத்தஞ்சு அடி. சதுரக் குளத்துக்குப் போனார்கள். அங்கே நாற்பது அடிக்குப் பத்து நூல், ஒவ்வொன்றும் நாற்பது. நானூறு அடி.

குச்சி கையிலேயே நின்றது.

சதுரக் குளத்தில் நானூறு அடி நூலுக்கு நூற்றி இருபது கிலோ பூ. நூறு அடிக்கு முப்பது. அப்படியென்றால் அவரைக்காய்க் குளத்துக்கு எழுபத்தாறு, எழுபத்தேழு. எண்பது போதும் என்றவன் பொய் சொல்லவில்லை.

மறுபடியும் நூலைச் சுற்றிப் பார்த்தாள். விளிம்பு அதே நூற்றி அறுபது. குறுக்கே பார்த்தால் பாதிக்குச் சற்று மேலே. யாரும் நூலை இழுக்கவில்லை. யாரும் நனைக்கவில்லை. யாரும் கல்லை நகட்டவில்லை. சதுரமாக நின்றால் அதே விளிம்புக்குள் நிறையத் தண்ணி பிடிக்கிறது, வளைந்து நீண்டால் குறையப் பிடிக்கிறது. அவ்வளவுதான்.

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தக் குளம் அவளுக்குக் குளமாகத் தெரியவில்லை. ஓடைக் காடு கண்ணாடியில் தெரிகிற மாதிரி அங்கே கிடந்தது. அதே வளைவு. பதினாறு வடம், பதினாறு வடம். ஒன்பது கூடை, ஆறு கூடை. பெரியப்பன் வடத்தை இழுத்துப் பிடிக்கவில்லை. சாகக் கிடந்தவர் சொன்னது மெய். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் கை அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. விக்னேஷ்குமார் தண்ணி பாட்டில் கொண்டுவந்து நீட்டினான். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

கண் கலங்க வேண்டிய இடம்தான். ஆனால் அவள் ராமுத்தாய் அல்லவா? கண் கலங்குவதற்குள் அவளுக்கு இன்னொன்று உறைத்துவிட்டது.

நூல் போட்டு அளந்த எனக்கே இப்பத்தான் தெரிகிறது. சும்மா பார்த்துவிட்டு எண்பது என்றானே, அவனுக்கு எப்படித் தெரிந்தது? "சுத்து ஒண்ணா இருந்துட்டா" என்று சொல்லவந்து ஏன் வாயை மூடினான்?

விறுவிறுவென்று டீக்கடைக்குப் போனாள். பழனிக்குமார் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே, சுத்து ஒண்ணா இருந்துட்டா? அப்பறம் என்ன? மிச்சத்தைச் சொல்லு."

அவன் வடையைக் காகிதத்தில் வைத்தான். "என்னக்கா?"

"சுத்து ஒண்ணா இருந்தாலும் பரப்பு ஒண்ணா இருக்காது. அதானே சொல்ல வந்த? நான் இப்பத்தேன் நூல் போட்டுப் பாத்தேன். ஒனக்கு எப்பத் தெரியும்?"

டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினார். பழனிக்குமார் எழுந்து புளியமரத்தடிக்கு நடந்தான். இவளும் போனாள்.

"சொட்டு நீர் போட்டமே, அன்னைக்கித் தெரியும்" என்றான். "ரெண்டு காட்டுக்கும் நாந்தான கடைக்குப் போயி வாங்கியாந்தேன். ஒனக்கு எட்டு ரோலு. எனக்குப் பன்னெண்டு ஆச்சு."

"எனக்குச் சொல்லும்போது ஒனக்குப் பத்துன்னு சொன்ன."

"சொன்னேன்."

"பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாதேன் அதுக்கு நாலு வருசம் முந்தியே போயிட்டாரே. அவருக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. ராமு என்னையக் கள்ளன்னு நெனச்சுக்கிட்டுப் போறாளேன்னுதேன் அவரு உசுரு போச்சு."

அவள் அதோடு விடவில்லை. "ஆறு வருசமா நீ ஏன் சொல்லல?"

"சொன்னா வரப்பு நகரும்ல?"

"இன்னைக்கி மட்டும் ஏன் சொன்ன? அக்காமேல பாசமா?"

பழனிக்குமார் தரையைப் பார்த்தான். "சொல்லணும்னு சொல்லலக்கா. வாயி தவறிருச்சு. எம்பதுன்ன பெறகுதேன் அய்யய்யோன்னு இருந்துச்சு."

பாசம் என்று சொல்லியிருந்தால் ராமுத்தாய் நம்பியிருக்க மாட்டாள். மனசாட்சி என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். வாய் தவறிவிட்டது என்றான் பாருங்கள், அதை நம்பினாள். தனக்குக் கெட்ட பேர் வருகிற மாதிரி ஒருத்தன் சொன்னால் அதில் எடை குறையாது என்பது அவள் கணக்கு.

"நாளைக்கி எம்பத்தஞ்சு கிலோ கொண்டாந்துரு" என்றாள்.

"எம்பதே போதும்னு இப்ப நீயே..."

"அஞ்சு கிலோ என் சந்தேகத்துக்கு."

அவன் தலையாட்டினான்.

"வரப்பு?" என்றாள்.

"கல்யாணம் முடியட்டுமேக்கா."

"கல்யாணம் வாத்தியார் வீட்டுல. வரப்பு நம்ம காட்டுல. பன்னெண்டும் எட்டும் இருவது. ஆளுக்குப் பத்து. ரெண்டு ரோலு எம் பக்கம் வரணும். கால் குறுக்கம். சரின்னு சொல்லிட்டுப் போ. இல்லன்னா தாலுகா ஆபீசுல உட்பிரிவுக்கு எழுதிப் போட்டு, சர்வேயரைக் கூட்டியாந்து, ஒனக்கு எப்பத் தெரியும்ங்கிறதையும் ஊர் கூடி நிக்கிற எடத்துல சேத்தே கேப்பேன்."

"சரி" என்றான். முகம் சுண்டிப் போயிருந்தது. பூ கொண்டுவருவானா மாட்டானா என்று அன்றைக்கு மீதிப் பொழுதெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு.

கொண்டுவந்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. ராமுத்தாய் தராசில் முதலில் கல்லை வைத்தாள், பிறகு கூடை கூடையாக நிறுத்தாள். எண்பத்தஞ்சு. அஞ்சு பொம்பிளைகளும் உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் இதழ் உதிர்த்தார்கள். மோட்டாரை நிறுத்தச் சொல்லி, தண்ணி அசையாமல் நின்ற பிறகு, சாயங்காலம் நாலு மணிக்கு வளைவின் உள்பக்கத்திலிருந்து தூவிக்கொண்டு போனார்கள். எழுபது கிலோப் பூவின் இதழைப் போட்டபோது அந்தக் கடைசி நுனியில் நீலம் தெரிந்தது. ராமுத்தாய் மிச்சக் கூடைகளை ஒரு தரம் எண்ணிப் பார்த்தாள். எழுபத்தஞ்சு. இன்னும் ஒரு முறம் அகலம் நீலம். எழுபத்தெட்டில் அந்த நீலம் மூடியது. கிறிஸ்துராஜ் வந்து நின்று பார்த்தார். ரெண்டு கையையும் கூப்பினார். ட்ரோன் ஒரு பெரிய வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு மேலே போனது. மணப்பெண் வினோலியா குளத்து ஓரத்தில் நின்று, "அய்யோ அழகு" என்றாள்.

உதிர்க்காத பூ மிச்சம் ஏழு கிலோ. விக்னேஷ்குமார், "போட்டுட்டுப் போங்க அக்கா, மண்டபத்து வாசலுக்கு ஆகும்" என்றான். ஆறு கிலோவை அங்கே கொட்டினாள். ஒரு கிலோவை எடைக்கல்லைப் போட்டு நிறுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பையோடு மறுநாள் பழனிக்குமார் வீட்டு வாசப்படி ஏறினாள். அவன் பெண்டாட்டி பானுப்ரியா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, என்ன சொல்வது என்று தெரியாமல், "வெஞ்சனம் இப்பத்தேன் வெக்கிறேன், சாப்டுட்டுப் போங்க மதினி" என்றாள். ராமுத்தாய் நேரே உள்ளே போனாள். உள் வீட்டில் சோலைமுத்து படம் சிமெண்டுச் சுவரில் தொங்கியது. பூவை அதன் கீழே பலகையில் கொட்டினாள். "ஒரு கிலோ சரியா இருக்கு" என்றாள். படத்திடம் சொன்னாளா, பானுப்ரியாவிடம் சொன்னாளா, தெரியாது. இருந்து சாப்பிட்டுத்தான் போனாள்.

அந்த வாரக் கடைசியில் பழைய வரப்பில் ரெண்டு பேரும் நின்றார்கள். புது வரப்பு எங்கே வரவேண்டும் என்று குழாயை எண்ணி ரெண்டு முனையிலும் குறிக்கல் நட்டிருந்தாள். தெற்கு முனையில் அவள் நூலைப் பிடித்தாள், வடக்கு முனையில் பழனிக்குமார். நேர் பார்த்துக் கோடு கிழிக்க வேண்டியதுதான் பாக்கி. ராமுத்தாய் தன் முனையில் கல்லை வைத்துவிட்டு வடக்கே நடந்தாள்.

"என்னக்கா, இன்னுமா?" என்று அங்கேயிருந்தே கத்தினான்.

"ஆறு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தவன்தானடா நீ? அசையாம நில்லு."

கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். குறிக்கல் ஒரு இடத்தில் இருந்தது. அவன் நூலைப் பிடித்திருந்தது அதுக்கு ஒரு சாண் உள்ளே தள்ளி, தன் காட்டுப் பக்கமாக. அப்படியே கோடு கிழித்தால் அந்த ஒரு சாணும் அவளுக்கு வரும்.

அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்தான். எதுக்கு இதைச் செய்கிறான்? பரிகாரமா? இல்லை, நாளைக்குச் சர்வேயர் வந்து பார்த்துவிட்டு, அக்காதான் கூட எடுத்துக்கொண்டாள் என்று எழுத வைக்கவா? ரெண்டும் இருக்கும். ரெண்டும் இல்லாமல்கூட இருக்கும்.

அவன் விரலைப் பிடித்து, நூலை நகட்டி, குறிக்கல்லுக்கு நேர் மேலே வைத்தாள்.

"கல்லு இருக்குற எடத்துல பிடி. எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டுத் தெற்கே திரும்பி நடந்தாள். பத்தடி போனவள் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.